ஆன்லைன் டாக்டர் எதற்குப் போதும், எதற்குப் போதாது? கடலூர், புதுச்சேரி நண்பர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கெடிலக்கரை
திங்கள், இரவு 9.40

வணக்கம். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை சென்னையில். ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அப்பாவுக்கு 64 வயது, 12 வருடமாகச் சர்க்கரை.

போன மாதம் முந்திரித் தோப்பில் சருகு கூட்டும்போது அப்பாவின் வலது காலில் வேலிக்காத்தான் முள் ஏறிவிட்டது. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. இரண்டு நாள் கழித்துப் பாயில் ஈரம் இருப்பதைப் பார்த்த அம்மாதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் வந்தது. உடனே ஒரு செயலியில் பணம் கட்டி, அரை மணி நேரத்தில் வீடியோவில் டாக்டரைப் பிடித்துக் கொடுத்தேன். தூரத்தில் இருந்தாலும் பிள்ளை கடமையைச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அம்மா போனைச் சொம்பில் சாய்த்து வைத்தார். அப்பா காலைத் தூக்கிக் காட்டினார். பெருவிரலுக்கு அடியில் சின்ன ஓட்டை, சுற்றிலும் கொஞ்சம் சிவப்பு. “வலி இருக்கா?” “இல்லைங்க.” “காய்ச்சல்?” “இல்லைங்க.” ஐந்து நாளுக்கு மாத்திரை, ஒரு களிம்பு. நாலு நிமிடத்தில் முடிந்தது. வலி இல்லை என்று கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி.

நாலாம் நாள் நான் வீடியோவில் கூப்பிட்டபோது அறை முழுக்கப் புகை. “என்னம்மா புகை?” என்று கேட்டேன். “சாம்பிராணி போட்டேன், வெள்ளிக்கிழமை இல்லையா” என்றார். அன்றைக்குப் புதன்கிழமை. எனக்கு உறைக்கவில்லை. புண்ணிலிருந்து வந்த நாற்றத்தை அடக்கத்தான் போட்டிருக்கிறார் என்பது மறுநாள் பக்கத்து வீட்டுச் சித்தி கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. என்னைப் பதற வைக்கக் கூடாது என்று அம்மா மறைத்துவிட்டார்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் சதைக்குள்ளே காற்று தெரிந்தது. அன்று இரவே இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் அறுவை சிகிச்சை செய்தவர்.

சண்டை போட இந்த இழையைத் தொடங்கவில்லை. எதையெல்லாம் போனில் காட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பது எனக்கும் தெரியவில்லை, வீட்டிலும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எழுதி ஊரில் சுவரில் ஒட்டப் போகிறேன்.


மஞ்சக்குப்பம் சிஸ்டர்
திங்கள், இரவு 11.05

தம்பி, படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. 22 வருடமாக அரசு ஆஸ்பத்திரியில் வேலை, அதில் பாதிக்கு மேல் சர்ஜரி வார்டு. உங்கள் அப்பாவின் கதையை வாரம் ஒரு முறையாவது வேறு வேறு பெயரில் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. சர்க்கரைக்காரர் காலில் புண் இருந்து வலி இல்லை என்றால் அது கெட்ட செய்தி. நரம்பு மரத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அதனால்தான் முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு வலி எச்சரிக்கை மணி. இவர்களுக்கு அந்த மணி அறுந்து கிடக்கும். போனில் “வலி இருக்கா” என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் உண்மைதான். ஆனால் அந்த உண்மையே எல்லோரையும் ஏமாற்றிவிட்டது.

இப்படி ஒரு கால் வார்டுக்கு வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று சொல்கிறேன். முதலில் மூக்கு. கட்டைப் பிரிக்கும்போதே வாடை சொல்லிவிடும். அப்புறம் புறங்கையை வைத்து இரண்டு காலிலும் சூடு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்போம். பாதத்தின் மேல்பக்கத்தில் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுவோம். புண்ணைச் சுற்றி அழுத்தினால் சில சமயம் தோலுக்கடியில் நறநறவென்று இருக்கும், உள்ளே காற்று சேர்ந்தால் அப்படி இருக்கும். டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை ஓட்டைக்குள் விட்டு எலும்பில் தட்டுகிறதா என்று பார்ப்பார். வெளியே பட்டாணி அளவு ஓட்டை இருந்தாலும் உள்ளே ஒரு விரல் நீளத்துக்குப் பை மாதிரி இருக்கும். இதில் எதையாவது சொம்பில் சாய்த்து வைத்த போனால் செய்ய முடியுமா?

நான் வீட்டில் சொல்லி வைத்திருப்பது ஒன்றுதான். இந்த நோவைக் கண்டுபிடிக்க யாராவது தொட வேண்டுமா, அழுத்த வேண்டுமா, குழாய் வைத்துக் கேட்க வேண்டுமா, ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டுமா? ஆமாம் என்றால் போனை வைத்துவிட்டு வண்டியை எடு. சர்க்கரைக்காரர் கால் என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம், நேராகக் கிளம்பு.


தென்பெண்ணைக் கரை
செவ்வாய், காலை 6.30

கெடிலக்கரை, அப்பா சீக்கிரம் தேற வேண்டும். சிஸ்டர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் போன் டாக்டரே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் அம்மா மூன்று வருடமாகப் படுக்கையில். வாதம். ராத்திரி நன்றாகத்தான் படுத்தார், காலையில் எழுப்பினால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?” எங்களால் சொல்ல முடியவில்லை. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அந்த நேரம் தூக்கத்திலேயே போய்விட்டது.

இப்போது அவருக்கு மாதம் ஒரு முறை பிரஷர் மாத்திரையைச் சரி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அவரைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்து, மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சர் கிடைக்கக் காத்திருந்து, வரிசையில் நின்று திரும்புவதற்குள் அவருக்கு ஒரு நாள் உயிர் போய் உயிர் வரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிற பெண் வீட்டிலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார். அந்த நோட்டை வைத்துக்கொண்டு அரசாங்கத்தின் இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் பேசுகிறேன். காசு இல்லை, அலைச்சல் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்து ஆறு ஊருக்குள் புகுந்தபோது, தெருவில் இடுப்பளவு தண்ணீர். அன்றைக்கு அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. போனில் டாக்டர் கிடைத்ததால்தான் எது இல்லாமல் ஓரிரு நாள் ஓட்டலாம், எதை நிறுத்தவே கூடாது என்று தெரிந்தது.

நோய் என்னவென்று ஏற்கெனவே ஒரு டாக்டர் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டார், இனிமேல் கண்காணிப்புதான் என்றால் போன் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய துணை. புதிதாக ஒன்று கிளம்பினால்தான் சிஸ்டர் சொன்ன கேள்வி.


பாகூர் வயல்
செவ்வாய், மதியம் 1.15

நடந்ததை மட்டும் சொல்கிறேன், பாடம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்த நேரம். பக்கத்து வீட்டு அண்ணி திண்ணையில் கோரைப்பாய் போட்டுப் படுத்திருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு வயிற்று வலி, ஒரு முறை வாந்தி. ராத்திரி சாப்பிட்ட கறிக்குழம்பு சேரவில்லை என்று நினைத்தார்கள். அவர் மகன் படித்த பையன், போனை எடுத்து டாக்டரைப் போட்டுவிட்டான். “இணைக்கப்படுகிறது, காத்திருக்கவும்” என்று பத்து நிமிடமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு நானும் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது அண்ணியின் இரண்டு இமையும் பாதிக்கு மேல் தூக்க முடியாமல் தொங்கியது. தூக்கக் கலக்கம் என்றார்கள். தண்ணீர் கொடுத்தால் விழுங்க முடியவில்லை, கடைவாயில் வழிந்தது. என் அப்பா காலத்திலிருந்து கேட்டது ஞாபகம் வந்தது: கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது, தரையில் படுத்தவருக்கு விடியலில் வயிற்று வலியாகத்தான் தொடங்கும், அப்புறம் கண் சொருகும்.

போனைப் பிடுங்கி 108-ஐக் கூப்பிட்டேன். வண்டி வரும்வரை அசையாமல் படுக்க வைத்தோம். கயிறு கட்டவில்லை, கீறவில்லை. ஜிப்மரில் விஷமுறிவு மருந்து ஏற்றி மூன்று நாள் மூச்சுக் கருவியில் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார். அந்தப் போன் டாக்டர் இணைப்பில் வந்து “வயிற்று வலியா, இந்த மாத்திரை போடுங்க” என்று சொல்லியிருந்தால் நாங்களும் போட்டுவிட்டுப் படுத்திருப்போம். அவர் மேல் குற்றம் சொல்லவும் வழி இருந்திருக்காது, எங்களுக்கே பாம்பு என்று தெரியாதே.


வில்லியனூர் அம்மா
செவ்வாய், இரவு 8.20

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அதையும் சொல்ல வேண்டும்.

பாப்பாவுக்குப் பத்து மாதம். சளி, இருமல், லேசான காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வழக்கமாகப் பார்க்கிற குழந்தை டாக்டர் இல்லை. 400 ரூபாய் கட்டி வீடியோவில் ஒருவரைப் பிடித்தோம். அவர் மருந்து எதுவும் சொல்லவில்லை. “சட்டையைக் கழற்றுங்க, மடியில படுக்க வையுங்க, வயிறு மேல கேமராவைக் காட்டுங்க” என்றார். ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். அப்புறம், “மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ குழி விழுது பாருங்க. இது போன்ல பார்க்கிற விஷயம் இல்லம்மா, இப்பவே கிளம்புங்க” என்றார். சீட்டும் இல்லை, மருந்தும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். 400 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறாரே என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன்.

எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனதும் ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள். நிமோனியா. ஐந்து நாள் இருந்தோம்.

அங்கே இருந்த நர்ஸ் எனக்கு மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்தார். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் இருந்தால் 60, ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே நேரில் காட்ட வேண்டும். குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலோ எண்ணிக்கொண்டு உட்காரவே கூடாது. மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எவ்வளவு லேசாக இருந்தாலும் நேரில்தான்.

அந்த வீடியோ டாக்டருக்கு அப்புறம் நன்றி சொல்லி எழுதினேன்.


வீடியோவில் பார்க்கும் மருத்துவன்
புதன், காலை 7.10

புதுச்சேரியில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். மாலையில் இரண்டு மணி நேரம் ஆன்லைனிலும் பார்க்கிறேன். கெடிலக்கரை, உங்கள் அப்பாவைப் பார்த்தவர் நானாகவும் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் படித்தேன். 12 வருடச் சர்க்கரை, காலில் ஓட்டை. இந்த இரண்டையும் கேட்டதுமே “நேரில் காட்டுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் பக்கத்துத் தவறு.

விதிமுறை இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறை வந்தது. நேரில் பார்க்க வேண்டிய நோயாளியா, போனில் முடியுமா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அது டாக்டரிடம் கொடுத்திருக்கிறது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு நேரில் வரச் சொல்லலாம். நோயாளியும் நிறுத்திக்கொள்ளலாம். அவசர நிலை என்றால் முதலுதவி சொல்லி மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் எங்கள் வேலை, வைத்தியம் பார்ப்பது இல்லை. 16 வயது வரை என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். போதை தரும் வகை மருந்துகளைத் தொலைபேசி வழியாக எழுதவே கூடாது.

ஆனால் வில்லியனூர் அம்மா சொன்ன கோபத்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நேரில் போங்கள் என்றால் காசைத் திருப்பிக் கேட்பார்கள், ஒற்றை நட்சத்திரம் கொடுப்பார்கள். அதற்குப் பயந்து ஏதாவது ஒரு மாத்திரையை எழுதிவிடத் தோன்றும். தோன்றக் கூடாது, தோன்றுகிறது. “நேரில் போங்க” என்று சொல்கிற டாக்டர் உங்களுக்கு ஒரு முடிவு சொல்லியிருக்கிறார், அந்தக் காசு அதற்குத்தான்.

கேமராவைப் பற்றியும் கொஞ்சம். டியூப்லைட் வெளிச்சத்தில் காமாலைக் கண் வெள்ளையாகத் தெரியும். ரத்தச்சோகை முகத்தைப் போனே அழகாக்கிக் காட்டிவிடும். வயிற்று வலியில் இது இன்னும் மோசம். குடல்வால் அழற்சி என்றால் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். அங்கே அழுத்திக் கையைச் சட்டென்று எடுக்கும்போது நோயாளி முகம் சுளிக்கிறாரா என்று பார்த்துத்தான் நான் பாதி முடிவு செய்வேன். அதை உங்கள் கையால் அழுத்தச் சொல்லி என்னால் தெரிந்துகொள்ள முடியாது. விடாத வயிற்று வலிக்கு ஆன்லைன் வேண்டாம்.

மழைக்காலத்தில் இங்கே எல்லோரும் டெங்குக்குக் கூப்பிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் பேசலாம், பாராசிட்டமால், நீர் ஆகாரம், ரத்தப் பரிசோதனை என்று சொல்லலாம். வேறு வலி மாத்திரை, குறிப்பாக டைக்ளோபினாக், இபுபுரூபன் போட வேண்டாம். ஆபத்து வருவது காய்ச்சல் விடும்போது. நாலாம், ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்ததும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். அந்த நேரத்தில் கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, சோர்ந்து படுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் போனை நம்பாதீர்கள். வெள்ளத் தண்ணீரில் நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அதற்கும் நேரில்தான்.


அரியாங்குப்பம் வாத்தியார்
புதன், மாலை 5.50

கண் பற்றி யாரும் எழுதவில்லை. என் பெரியம்மாவுக்குத் திடீரென்று ஒரு கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரியும், கொசு பறக்கிற மாதிரியும் தெரிந்தது. ஆன்லைனில் ஒருவர் கண் சோர்வு என்று சொட்டு மருந்து எழுதினார். நான்கு நாளில் அந்தக் கண்ணில் திரை விழுந்துவிட்டது. விழித்திரை கிழிந்து பிரிந்திருந்தது. கண்ணுக்குள் மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்க்காமல் அதைச் சொல்லவே முடியாது என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஆனால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தவளக்குப்பத்தில் இருக்கிற அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் கிராமங்களில் பார்வை மையங்கள் நடத்துகிறார்கள். அங்கேயும் டாக்டர் வீடியோவில்தான் பேசுகிறார். வித்தியாசம் என்னவென்றால் நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண் கருவியோடு இருக்கிறார். அவர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் டாக்டர் பேசுவார். தென்பெண்ணைக் கரை சொன்ன நோட்டுப் புத்தகமும் அதே வகைதான். இந்தப் பக்கம் பரிசோதிக்கத் தெரிந்த ஒரு கை இருந்தால் போன் உதவும்.


நெல்லிக்குப்பம் மருந்துக்கடை
புதன், இரவு 10.30

கடையைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன். எங்கள் கண்ணில் படுவது சீட்டு. வாட்ஸாப்பில் வந்த சீட்டு என்று நீட்டுவார்கள். டாக்டரின் பதிவு எண் இருக்காது, நோயாளி வயது இருக்காது. பதிவு எண் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் கொடுப்பதில்லை. சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

போன பொங்கலுக்கு முந்தின நாள் ஒருவர் வந்தார், 50 வயது இருக்கும். ஆன்லைனில் டாக்டர் வாயுத் தொல்லை என்று எழுதிக் கொடுத்த சீட்டு. மார்கழிக் குளிரில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். “நெஞ்சு வலிக்குதாண்ணே?” என்றேன். “வலி இல்ல, தாடை இழுக்குது, மூச்சு வாங்குது” என்றார். சர்க்கரை உண்டா என்றால் உண்டு. மாத்திரை கொடுக்காமல் ஸ்டூலில் உட்கார வைத்து 108-ஐக் கூப்பிட்டேன். மாரடைப்பு. சர்க்கரைக்காரருக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வையாகவும் மூச்சிரைப்பாகவும் வரும் என்று எங்கள் படிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். இசிஜி எடுக்காமல் வாயு என்று எப்படி முடிவு செய்வது? அவருடைய சீட்டை இன்னும் கடையில் வைத்திருக்கிறேன்.


மஞ்சக்குப்பம் சிஸ்டர்
வியாழன், காலை 5.45

நைட் டியூட்டி முடியப்போகிறது. விட்டுப்போன இரண்டு மூன்றை எழுதிவிடுகிறேன்.

வயசுப் பையன்கள் வைத்திருக்கிற அம்மாக்கள் கவனியுங்கள். ராத்திரி திடீரென்று அடிவயிற்று வலி, வாந்தி என்பான். வலி உண்மையில் விதைப்பையில் இருக்கும், கூச்சத்தில் சொல்ல மாட்டான். போனில் அம்மா பக்கத்தில் நிற்கும்போது எந்த டாக்டரிடமும் சொல்ல மாட்டான். விதை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும், அதற்கப்புறம் பல சமயம் எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அப்பாவோ மாமாவோ தனியாகக் கூப்பிட்டு நேரடியாகக் கேளுங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். நாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். எந்த வகைக் காயம், புண்ணைச் சுற்றித் தனி மருந்து போட வேண்டுமா என்று நேரில் பார்த்துத்தான் சொல்வார்கள். மார்பில் கட்டி என்றால் கை வைத்துப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சமாதானம் சொன்னாலும்தான்.

மன உளைச்சலுக்கு மட்டும் போன் நன்றாகவே உதவுகிறது. 14416 டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். ஆனால் எதையாவது குடித்துவிட்டார், விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால் அப்போது 108 மட்டும்தான், டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள்.

கெடிலக்கரை தம்பி, சாம்பிராணி விஷயத்தை அம்மாவிடம் கேட்டு அவரை நோக வைக்காதீர்கள்.


கெடிலக்கரை
ஞாயிறு, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தேன். நீங்கள் எழுதியதை அம்மாவின் வாய்ச்சொல்லிலேயே ஒரு அட்டையில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மேலே பெரிதாக 108. அதற்குக் கீழே: மூச்சு வாங்கினால், வாய் கோணினால், நெஞ்சோ தாடையோ இழுத்தால், வியர்த்துக் கொட்டினால், கண் மங்கினால், வயிற்று வலி விடாவிட்டால், பாம்போ என்று சந்தேகம் வந்தால்கூட, எனக்குப் போன் செய்யும் முன் இதற்குச் செய். அம்மா படித்துவிட்டு, “உனக்கு முன்னாடியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சித்தியின் எண்ணையும், ஆட்டோ ஓட்டுகிற அவர் மகனின் எண்ணையும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.

அப்பாவின் காலை இனிமேல் வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறோம். சர்க்கரை அளவைப் பற்றி மட்டும் போனில் பேச டாக்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார், அவர் அப்பாவை நேரில் பார்த்தவர். தினமும் இரவு படுக்கும் முன் பாதத்துக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்க அப்பாவே கற்றுக்கொண்டார். முகம் மழிக்கிற அதே கண்ணாடி.

சிஸ்டர், சாம்பிராணியைப் பற்றி நான் கேட்கவில்லை. நேற்று கட்டு மாற்றும்போது நானும் கூட இருந்தேன். துணியைப் பிரித்ததும் நர்ஸ் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே அம்மா குனிந்து அப்பாவின் காலை மோந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “மருந்து வாடைதான்டா வருது” என்றார்.